பீலித் தண்ணீர் வெதுவெதுத்த ஞாயிறு

1996 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது, இல்லை. ஆகவே அம்மா வழக்கமான நாலரைக்குப் பதிலாக ஐந்தரைக்கு எழுந்தார். அடுப்பை மூட்டி, கோதுமை மாவில் தேங்காய்ப் பூ போட்டுப் பிசைந்து, எட்டு ரொட்டி சுட்டார். நான் வாசலைப் பெருக்கிவிட்டுச் சின்ன வாளியுடன் பீலிக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கும் ஓடையைத் தகரக் குழாயில் திருப்பி, ஆள் உயரத்திலிருந்து விழ விட்டிருந்தார்கள். அதுதான் பீலி. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த இருபது காம்பராக்களுக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க அது ஒன்றுதான். அந்த மாதம் மழை இல்லை. தண்ணீர் என் சுண்டுவிரல் தடிப்பில் வந்துகொண்டிருந்தது. வாளி நிறைவதற்குள் முந்நூறு வரை எண்ணலாம்.

நான் தண்ணீர் கொண்டு திரும்பியபோது மாமா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. இருபத்து நான்கு வயது. மேல் லயத்தில் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார், சாப்பாடு எங்கள் வீட்டில். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். அதனால் எங்கள் வீட்டு ஆம்பிளை என்றால் மாமாதான்.

"நாலு ரொட்டி கட்டிக் குடுக்கா. கண்டிக்குப் போறேன், வேல தேடி."

"ஞாயித்துக்கெழம எவன்டா கடையத் தொறந்து வச்சிக்கிட்டு ஒனக்குக் காத்திருக்கான்?"

"சாப்பாட்டுக் கடைக்கு ஏதுக்கா ஞாயிறு? அத்தானக் கேட்டுப் பாரு, கொழும்புல."

அம்மா ரொட்டிகளை மாவுப் பைத் துணியில் வைத்து முடிந்தார். ஓரத்தில் சிவப்பு நூலால் அவரே தைத்த துணி அது. கொடுக்கும்போது, "இன்னிக்கு எங்கயும் போகாம வீட்ல இருடா" என்றார். மாமா சிரித்தார். "வீட்ல இருந்தா நீயே ஏசுவ" என்று சொல்லி, என் சடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அம்மா வாசலில் நின்றார். சட்டியில் ஒரு ரொட்டி கருகியது. அம்மா ரொட்டியைக் கருக விட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பாதை பஸ் பாதையுடன் சேரும் இடத்தில் ஒரு தவறணை, அதாவது சாராயக் கடை, இருந்தது. சம்பளச் சனிக்கிழமைகளில் அங்கே ஆரம்பிப்பது லயத்தில் வந்து முடியும். யாராவது ஒருவருக்கு மண்டை உடையும், யாராவது ஒருத்தி பிள்ளைகளோடு கொல்லைப்புறமாக ஓடுவாள், பொலிஸ் ஜீப் வரும். முந்திய ஆண்டு தோட்டத்துப் பெண்கள் தவறணைக்கு முன்னால் பதினொரு நாள் உட்கார்ந்தார்கள். கண்டிக்கு மனுக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் என் அம்மா. புரட்டாதியில் தவறணை மூடப்பட்டது.

முதல் மூன்று மாதங்கள் எங்கள் லயத்தில் அழுகைச் சத்தம் இல்லை. ஜீப் ஒருமுறைகூட வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, "ஒங்கம்மாவால என் தையல் ஊசி துருப்பிடிக்குது" என்று என்னிடமே சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

நான்காவது மாதம் கூட்டுறவுக் கடையின் ஜன்னல் கம்பியை வளைத்து யாரோ இரண்டு மூட்டை சீனி எடுத்துவிட்டார்கள். வேறு ஒன்றையும் தொடவில்லை. அடுத்து, தொழிற்சாலையின் பின்பக்கத்தில் கிடந்த செம்புக் குழாய் காணாமற் போனது. ஜீப் மறுபடியும் வரத் தொடங்கியது, இந்த முறை சம்பள நாள் பார்த்து அல்ல. முன்பு குடித்தவர்கள் பாதையோரத்தில் குடித்தார்கள், ஊரே பார்த்தது. இப்போது எவர் எங்கே குடிக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வாய் மணத்தது.

தவறணை மூடியதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு நட்டம் இருந்தது. மாமா அங்கேதான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலைக்கு அவர் பேரைப் பதியச் சொல்லி அம்மா தோட்டத் துரையிடம் மூன்று தடவை கேட்டார். புதுப் பேர் எடுப்பதில்லை என்று மூன்று தடவையும் பதில் வந்தது. மாமா அதற்காக அம்மாவை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு மார்ச் 7, வியாழக்கிழமை. கீழ் லயத்துப் பெரியப்பா காலையில் எழுந்து, "ஏன் இன்னும் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டிருக்கிறார். அப்போது வெயில் ஏறியிருந்தது. அவர் முதல் நாள் குடித்தது கசிப்பு, களவாகக் காய்ச்சிய சாராயம். அவரைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என் பங்கு இங்கேதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் பாடத்துக்காக ஒவ்வொரு நாளும் வானம், காற்று, தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. சனிக்கிழமை பீலியடியில் பெண்கள் கூடிப் பெரியப்பாவின் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் யாரும் கேட்காமலே சொன்னேன்: "நாளைக்குத் தண்ணி சூடா வரும். செவ்வாயும் ஞாயிறும் வெதுவெதுன்னு வருது. கொஞ்சம் புளிச்ச வாசமும் வருது. கொப்பியில எழுதியிருக்கேன்."

பெரியம்மா, அதாவது கண் போனவரின் மனைவி, என் தோளைப் பிடித்தார்.

"எத்தன வாரமா ஆயி?"

"அஞ்சு."

"காச்சுறவன் கொழாய ஓடைத் தண்ணியிலதான் ஆறப் போடுவான்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "மேல இருக்கான். நாம குடிக்கிற தண்ணிக்கு மேல உக்காந்திருக்கான்."

அன்று மாலை பதினான்கு பெண்கள் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். காய்ச்சுகிறவன் யாராக இருந்தாலும், தன் வயிற்றில் பிறந்தவனாக இருந்தாலும், பெரட்டுக் களத்துக்கு இழுத்து வருவது. எந்த ஆம்பிளையின் காதிலும் இதைப் போடாமல் இருப்பது. முதலில் கற்பூரத்தை அணைத்தவர் அம்மா.

ஞாயிறு காலை ரேடியோவில் எட்டு மணிச் செய்தி முடிந்ததும் புறப்பட்டோம். பீலித் தண்ணீர் நான் சொன்னபடியே வெதுவெதுத்தது. அதை நான் மட்டும்தான் சொல்ல முடிந்தது என்பதை எழுத வேண்டும். கொழுந்து எடுக்கிற கைகள் அவை. உள்ளங்கை காய்த்து, விரல் வெடிப்புகளில் கறை ஏறிக் கறுத்துப் போனவை. அம்மா அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவார். அவ்வளவு சின்ன சூடு அந்தக் கைகளுக்குத் தெரியாது. அதனால்தான் பத்து வயதுப் பிள்ளையை முன்னால் விட்டார்கள். இருபது அடிக்கு ஒரு தடவை நான் ஓடையில் கை வைப்பேன். "சூடு" என்பேன். பதினான்கு பேரும் ஏறுவார்கள்.

பலருடைய கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது, தேயிலைச் செடியை வெட்டும் வளைந்த கத்தி. பெரியம்மா தன் கத்தியை முந்தானையில் சுற்றியிருந்தார்.

"பெரட்டுக் களத்துக்கெல்லாம் நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார் அம்மாவிடம். "மொதல்ல அந்தக் கைய எங்கிட்டக் குடுத்துருங்க. ஊத்திக் குடுத்த கை."

"அக்கா, பேசுனது ஒண்ணு."

"ஒம் புருசன் கொழும்புல இருக்கான் தங்கச்சி. கண்ணோட இருக்கான்."

அம்மா என்னைப் பார்த்து, "நட பாப்பா" என்றார்.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓடை இரண்டாகப் பிரிந்தது. சரியாகச் சொன்னால், மேலேயிருந்து வந்த இரண்டு ஓடைகள் அங்கே சேர்ந்தன. நான் மற்றவர்களுக்குப் பத்து எட்டு முன்னால் இருந்தேன். வலப்பக்கத்து ஓடையில் கை வைத்தேன். விரல் விறைக்கும் குளிர். இடப்பக்கத்தில் வைத்தேன். காய்ச்சலில் படுத்திருப்பவரின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. எழுந்து கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

இடப்பக்கத்து ஓடைக் கரையில், ஒரு கல்லின் மேல், மாவுப் பைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அலசிப் பிழிந்து விரித்திருந்தது. ஓரத்தில் சிவப்பு நூல்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எதையும் எண்ணிப் பழகிய நான் அதை மட்டும் எண்ணவில்லை. துணியை எடுத்துச் சட்டைக்குள் திணித்தேன். ஈரம் வயிற்றில் ஒட்டியது. திரும்பியபோது முதல் ஆளாக அம்மா வந்துகொண்டிருந்தார். அவர் கண்கள் கல்லில் இருந்தன. கல்லில் துணி அளவுக்கு ஒரு ஈரக் கட்டம்.

"எந்தப் பக்கம் பாப்பா?"

"இந்தப் பக்கம்" என்று வலப்பக்கத்தைக் காட்டினேன். "இதுதான் சூடு."

அம்மா குனிந்து வலப்பக்கத்துத் தண்ணீரில் கை வைத்தார். பிறகு இடப்பக்கத்தில். உள்ளங்கையை வைக்கவில்லை. கையைத் திருப்பி, மணிக்கட்டின் உட்புறத்தை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. கையில் எங்கே வைத்தால் என்ன, அந்தக் கைக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று நினைத்தேன்.

"புள்ள சொல்றது சரி" என்றார் அம்மா, எழுந்து. "இந்தப் பக்கம் போவோம்."

பெரியம்மாவும் வந்து குனிந்தார். வலப்பக்கத்தில் கையை விட்டு அளைந்தார். "ஜில்லுன்னு இருக்கிற மாதிரியில்ல இருக்கு."

"ஒங் கைக்கு எப்புடிக்கா தெரியும்? எங் கைக்கும் தெரியல. புள்ள கை சொல்லுது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது, வயிற்றில் ஈரத் துணியோடு நிற்பது, எவ்வளவு கடினம் என்பதை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. "சத்தியமா ஆயி?" என்றார்.

"சத்தியமா பெரியம்மா."

வலப்பக்கமாக ஏறினோம். நூறு அடி போயிருப்போம். பின்னால் வந்த ஒருத்தி நின்று மூக்கை உறிஞ்சினாள். "பொக வாசம் வருதுல்ல?"

எல்லோரும் நின்றார்கள். இடப்பக்கத்துக் காட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு புகை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புகை, மரங்களுக்கு இடையில் கலைந்துகொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அங்கே குந்தியிருப்பவருக்கு அது கேட்கும், ஆனால் ஓட வழி கிடையாது. மேலே செங்குத்தான பாறை, கீழே பதினான்கு பேர்.

"மேல் லயத்து அடுப்புப் பொக" என்றார் அம்மா. "காத்து இந்தப் பக்கம் அடிக்குது. நடங்க, வெயில் ஏறுது."

அவர் முன்னால் நடந்தார். அவர் சொன்னால் அந்தப் பெண்கள் கேட்பார்கள். தவறணையை மூட வைத்தவர் அல்லவா?

பாறை வரை போனோம். பன்னச் செடியும் காய்ந்த மூங்கிலும்தான் இருந்தன. பகல் பன்னிரண்டு மணிக்குப் பீலியடிக்குத் திரும்பினோம். "காச்சுறவன் மோப்பம் புடிச்சி ஓடியிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். பெரியம்மா ஈர மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "நீ என்ன செய்வ சாமி. பச்சப் புள்ள. இவ்ளோ தூரம் நடந்தியே" என்றார்.

அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று நான் நம்பினேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றும் நம்பினேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஐந்தரைக்கு வந்தார். குளித்து, தலை சீவி, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அம்மா சோறு போட்டார்.

"வேல என்னாச்சு?"

"அடுத்த வாரம் வரச் சொல்றானுங்க. மூஞ்சியப் பாத்தாலே மொதலாளி மாதிரி இருக்காம், எச்சிப் பிளேட்டு எப்புடிக் கழுவச் சொல்றதுன்னு வெக்கப்படுறானுங்க." நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"ரொட்டி கட்டுன துணி எங்கடா?"

துணி என் பாய்க்கு அடியில் இருந்தது. நான் அடுப்பையே பார்த்தேன்.

"பஸ்ஸுல விட்டுட்டேன்க்கா."

"சரி."

அம்மா அவருக்குப் பருப்பு ஊற்றினார். அவர் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தார். பிறகு, சந்தையில் காய் விலை சொல்வது போல, "பேராதனையில இருந்து ஆள் வந்துச்சி. அவருக்குக் கண்ணு இனித் திரும்பாதாம்" என்றார்.

மாமாவின் கை பிளேட்டில் நின்றது. "எந்தக் கண்ணுக்கா?"

"ரெண்டும்."

மாமா அதன் பிறகு சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை உருட்டி, மறுபடியும் பிசைந்தார். சின்ன வயதில் பெரியப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்குப் போன கதையை அவரே எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். கடைசியில் பிளேட்டிலேயே கையைக் கழுவினார்.

"அக்கா..."

"காலைல சவரம் பண்ணிக்கிட்டு வெள்ளச் சட்டையப் போட்டுக்க" என்றார் அம்மா. "ஐடி கார்ட மறக்காத. அஞ்சரைக்கு வந்துரு. நானும் ஒங்கூட வர்றேன்."

"சரிக்கா."

அவ்வளவுதான். எங்கே என்று மாமா கேட்கவில்லை. எனக்கு மனம் லேசானது. அம்மா கூடவே போய் வேலை வாங்கித் தரப் போகிறார், இனி மாமா காட்டுக்குப் போக மாட்டார் என்று கணக்குப் போட்டேன். வெள்ளைச் சட்டையும் அடையாள அட்டையும் வேறு எதற்கு?

இதில் எனக்குப் புரியாதிருந்த ஒன்று பதினாறு ஆண்டுகள் கழித்துக் குண்டசாலையில் என் வீட்டுக் குளியலறையில் புரிந்தது. மகள் பிறந்து பன்னிரண்டாம் நாள். அவளைக் குளிப்பாட்ட பேசினில் சுடுதண்ணீர் கலந்துவிட்டு, சூடு பார்க்கக் கையை விட்டேன். யாரும் சொல்லித் தராமலே என் கை திரும்பியது. மணிக்கட்டின் உட்புறம் தண்ணீரைத் தொட்டது. பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும், கையில் எந்த இடம் காய்த்துப் போவதில்லை என்று. நான் பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு ஓடையும் தெரிந்திருந்தது.

மற்றதை நானே சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். இடப்பக்கம் போயிருந்தால் அந்தக் கத்திகள் முந்தானையில் இருந்திருக்காது. பொலிசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், அது யுத்த காலம். காட்டுக்குள் தனியாக இருந்த ஒரு தமிழ் வாலிபனிடம் கசிப்புப் பீப்பாயைப் பற்றி மட்டும் கேட்பார்கள் என்று எங்கள் ஆட்கள் யாரும் நம்பவில்லை. அம்மாவுக்கு மிஞ்சியது ஒரு வழி. பகல் வெளிச்சத்தில், சவரம் செய்த முகத்தோடு, வெள்ளைச் சட்டையோடு, தானே கையைப் பிடித்துக்கொண்டு போய் பொலிஸ் நிலையத்தில் நிறுத்துவது. பெயர் எழுதி முடிக்கும் வரை அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது. மாமா வெளியே வர ஏழு மாதம் ஆனது. அம்மா அதற்குப் பிறகு எந்த மனுவிலும் முதல் கையெழுத்து வைத்ததில்லை. ஆனால் தவறணையைத் திறக்க வேண்டும் என்று தோட்டத்து ஆம்பிளைகள் ஒரு மனு எழுதியபோது, அதற்கு எதிராகக் கையெழுத்து வைத்தார். கடைசி ஆளாக.

மார்ச் 11, திங்கட்கிழமை. அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. ஐந்து இருபதுக்கே மாமா வந்துவிட்டார், தாடையில் சவரக் கத்தி பட்ட கீறலோடு. தேநீர் வேண்டாம் என்றார். இருவரும் பஸ் பாதைக்குப் போகாமல் முதலில் கீழ் லயத்துக்கு இறங்கினார்கள். நான் மழைத் தண்ணீர்க் கானோரத்தில் நின்று பார்த்தேன். பனி மூட்டத்தில் பெரியம்மாவின் கதவு தெரிந்தது. அம்மா தட்டினார். பெரியம்மா வெளியே வந்தார். அம்மா ஏதோ சொன்னார், அதிகம் இல்லை, மூன்று நான்கு சொற்கள்தான் இருக்கும். மாமா படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெள்ளைச் சட்டை அழுக்காகப் போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா எழவில்லை. அம்மா அசையவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டில் கதவு திறந்தது. பெரியம்மா வெளியே வந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் சேலையில், சுடுதண்ணீர்ப் போத்தலோடு. மாமாவைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிப் படியிறங்கி முன்னால் நடந்தார். அம்மா மாமாவைத் தூக்கி நிறுத்தினார். அந்த இருவரும் பின்னால் நடந்தார்கள். மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

பஸ் வளைவில் மறைந்ததும் நான் லயத்துக்கு ஓடினேன். முதல் காம்பராவிலிருந்து இருபதாவது வரை, ஒன்று விடாமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று, எங்கள் மாமாவுக்குக் கண்டியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.